அப்பாவுக்காக யார் கையொப்பம் வைப்பது?

பாரிசவாதம் வந்து தந்தையார் வைத்தியசாலையில் படுத்துவிட்டால் மூத்த மகன் முன்னுக்கு நின்று முடிவெடுப்பது எமது ஊர் வழக்கம். வைத்தியரும் மகனைத்தான் தேடுவார். ஒக்லாந்தில் அப்படியல்ல. சமூகப் பணியாளர் ஒருவர் வார்டுக்கு வருவார். தமிழ் உரைபெயர்ப்பாளரையும் ஒழுங்கு செய்து, தந்தையோடு தனியே பேச வேண்டும் என்பார். பிள்ளைகளைச் சற்று வெளியே நிற்கச் சொல்வார். "எங்களைக் குற்றவாளிகள் மாதிரிப் பார்க்கிறார்கள்" என்று எம்மிடம் வந்து மனம் நொந்து சொன்ன பிள்ளைகள் உண்டு. நாட்டை விட்டு ஓடி வந்த எமது தலைமுறைக்கு, கோப்பும் பேனாவுமாய் வருகிறவரைக் கண்டாலே ஒரு பயம். அது எமக்கும் தெரியாததல்ல.

ஆனால் அவர் தம் மனம்போன போக்கில் அப்படிக் கேட்பதில்லை. வளர்ந்த ஒருவர், எதிர்மாறாக நிரூபிக்கப்படும் வரை, தம் முடிவைத் தாமே எடுக்கும் திறன் உள்ளவர் என்றே கொள்ள வேண்டும் என்கிறது இந்நாட்டின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் (தனிநபர் மற்றும் சொத்துரிமைப் பாதுகாப்புச் சட்டம்). பேச்சுக் குழறுவதோ ஆங்கிலம் தெரியாததோ திறன் இல்லாமைக்கு அடையாளமல்ல. தேவைப்படும்போது தகுதியான உரைபெயர்ப்பாளரைப் பெறுவது, 1996இல் நடைமுறைக்கு வந்த நோயாளர் உரிமைக் கோவை தரும் உரிமை. படிவத்தில் 'நெக்ஸ்ட் ஒவ் கின்' என்று உங்கள் பெயர் இருந்தால் உங்களைத் தொலைபேசியில் அழைப்பார்கள், அவ்வளவுதான். அவருக்காகக் கையொப்பமிடும் அதிகாரம் அதனால் மகனுக்கும் வராது, மனைவிக்கும் வராது.

அப்படியானால், அவர் உண்மையிலேயே முடிவெடுக்க இயலாத நிலைக்கு வந்துவிட்டால்? அதற்குத்தான் 'என்டியூறிங் பவர் ஒவ் அற்றோணி'. ஊரில் காணி விடயங்களுக்கு எழுதும் அற்றோணித் தத்துவத்தோடு இதைக் குழப்ப வேண்டாம். இங்கே எழுதும் சாதாரண அற்றோணிப் பத்திரம், எழுதியவர் மனத்திறனை இழந்தவுடன் செல்லாமற் போகும். இது அப்போதும் நிலைக்கும்.

இதில் இரண்டு வகை உண்டு. சொத்துக்கானதில் ஒருவருக்கு மேற்பட்டோரை நியமிக்கலாம். உடனேயே நடைமுறைக்கு வருவதா, திறன் இழந்த பின்னரா என்பதையும் எழுதுபவரே தீர்மானிக்கலாம். உடல்நலம், பராமரிப்புக்கானதில் ஒரே நேரத்தில் ஒருவர்தான். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் இதுவே பிணக்காகும். அதற்கும் வழி உண்டு: மற்றவர்களையும் கலந்து பேசியே முடிவெடுக்க வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதி வைக்கலாம். தந்தையாரை நிரந்தரமாக முதியோர் இல்லத்தில் சேர்ப்பது போன்ற பெரிய முடிவென்றால், அவருக்குத் திறன் இல்லை என்று வைத்தியர் முதலில் சான்றிதழ் தர வேண்டும், அல்லது நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும். உயிர் காக்கும் சிகிச்சையை மறுக்கும் அதிகாரம் அற்றோணிக்குக் கிடையாது.

பத்திரம் இல்லாவிட்டால் குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். விண்ணப்பம், வைத்திய அறிக்கை, சட்டத்தரணி என்று நாட்கள் ஓடும். வீட்டுக்கு அனுப்பவும் முடியாமல், இல்லத்தில் சேர்க்கவும் முடியாமல், வைத்தியசாலைக் கட்டிலிலேயே கிழவர் காத்துக் கிடப்பார். பார்க்கப் பொறுக்காது.

ஆகவே, தெளிவாக இருக்கும்போதே எழுதுங்கள். சட்டத்தரணியிடமோ பப்ளிக் ட்ரஸ்ட் நிறுவனத்திடமோ செய்யலாம். சாட்சியாக ஒப்பமிடுபவர், எழுதுபவருக்கு விடயம் விளங்குகிறதா, யாராவது நெருக்குகிறார்களா என்று பார்த்தே ஒப்பமிட வேண்டும். எனவே அங்கும் பிள்ளைகளை வெளியே நிற்கச் சொன்னால் கோபிக்காதீர்கள். மறதிநோய் என்று பெயர் வைத்தவுடன் காலம் கடந்துவிட்டதென்றும் நினைக்க வேண்டாம். ஆரம்ப நிலையில் பலருக்கு இதை விளங்கி ஒப்பமிடும் திறன் இருக்கும். உங்கள் குடும்ப வைத்தியரைக் கேளுங்கள்.

தனியே பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை நாம் அதிகம் பேசுவதில்லை. பென்ஷன் பணம் வரும் வங்கி அட்டை யாருடைய கையில்? கடவுச்சீட்டு யாருடைய அலுமாரியில்? மருந்து ஒழுங்காகக் கிடைக்கிறதா? பணத்தைப் பறித்து வைப்பதையும், மருந்தையோ ஊன்றுகோலையோ எட்டாமற் செய்வதையும் 2018ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் வன்முறையாகவே கொள்கிறது. 2012 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத் திருத்தம் இன்னும் கடுமையானது. தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத ஒருவர் உயிராபத்திலோ, பாரிய காயமோ பாலியல் வன்முறையோ நேரும் ஆபத்திலோ இருப்பதை அறிந்தும், அதே வீட்டில் இருக்கும் வளர்ந்தவர் தக்க நடவடிக்கை எடுக்காவிட்டால் பத்து ஆண்டுகள் வரை சிறை. "அது அண்ணன் வீட்டு விடயம், நான் மேல் அறையில் வாடகைக்கு இருக்கிறேன்" என்ற கதை அங்கே எடுபடாது.

முதியோர் துன்புறுத்தலுக்கான இலவசத் தொலைபேசி இலக்கம் 0800 32 668 65. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், இரகசியம் காக்கப்படும். உடனடி ஆபத்தென்றால் 111. வைத்தியரைத் தனியே பார்க்க விரும்பும் அம்மா, அப்பா எவரும் முன்பதிவு செய்யும்போதே, உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். மகனையோ மருமகளையோ காரணம் காட்டத் தேவையில்லை.