துறைமுக கிளார்க்கும் அடுத்த பகா எண்ணும்

ராயபுரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் பீச். அதுக்கு எதிர்ல இருக்கிற துறைமுகத்துலதான் 1912-ல ராமானுஜன் மாசம் 30 ரூபாய் சம்பளத்துக்கு கிளார்க்கா சேர்ந்தார். ஏழு வருஷம் கழிச்சு, 1919-ல, இரண்டே பக்கத்துல ஒண்ணை நிரூபிச்சார்: 1-ஐ விடப் பெரிய எந்த எண்ணை எடுத்தாலும், அதுக்கும் அதோட இரு மடங்குக்கும் நடுவுல ஒரு பகா எண் கட்டாயம் இருக்கும்.

செபிஷேவ் முன்னாடியே நிரூபிச்சதுதான். ஆனா நம்ம ஆள் அதோட நிக்கல. பாதியில இருந்து அந்த எண் வரைக்கும் எண்ணினா, 11-லிருந்து குறைஞ்சது ரெண்டு, 17-லிருந்து மூணு, 29-லிருந்து நாலு, 41-லிருந்து அஞ்சு பகா எண் எப்பவும் கிடைக்கும். 41-க்கு நீங்களே பாருங்க: 23, 29, 31, 37, 41. இந்த 2, 11, 17, 29, 41 வரிசைக்குப் பேரே ராமானுஜன் பகா எண்கள்.

இப்போ பெருசுக்கு வருவோம். 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி ஒண்ணு கழிச்சா வர்றது பகா எண், 2024-ல கண்டுபிடிச்சாங்க. மொத்தம் 4,10,24,320 இலக்கம்! அடுத்த பகா எண் இதோட இரு மடங்குக்குள்ள இருக்கு, அதுல சந்தேகமே இல்ல. எதுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. இரண்டின் அடுக்குல ஒண்ணு கழிச்ச எண்ணுக்கு லூக்காஸ்-லெஹ்மர்னு வேகமான சோதனை இருக்கு. அடுத்தது அந்த வடிவத்துல இருக்கவே முடியாது. இரு மடங்குக்குள்ள அப்படி வேற எண்ணே கிடையாது.