நான்கு முழுக்குக்கு எந்தக் கடல்?

ஓப்பன் வாட்டர் டைவர் என்ற முதற்படிச் சான்றிதழ் எனக்கு இரண்டு பிரயாணங்களில்தான் கைகூடிற்று. இரண்டாவது பிரயாணத்தின் செலவு முழுவதும், முதற் பிரயாணத்தில் நான் சாமர்த்தியமாக மிச்சம் பிடித்ததாக எண்ணிக்கொண்ட ஒரே ஒரு நாளின் விலை. ஆகவே, வெளிநாட்டுக் கடலொன்றில் ஸ்கூபா பயிற்சியைக் குறைந்த செலவில் முடித்துவர விரும்புகிறவர்களுக்கு எந்த ஊர் மலிவு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. மலிவு எதில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

பயிற்சியின் அங்கங்கள்

இந்தப் பயிற்சிக்குப் பாடம், குளம், கடல் என்று மூன்று அங்கங்கள் உண்டு. பாடத்தையும் குளத்துப் பயிற்சியையும் உள்ளூரிலேயே முடித்துவிடலாம். கடலில் நான்கு முழுக்குகள், குறைந்தது இரண்டு நாட்களில் போட்டாக வேண்டும். முதல் இரண்டும் 12 மீட்டருக்குள், அடுத்த இரண்டும் 18 மீட்டருக்குள். அமெரிக்காவில் 1966இல் தோன்றிய பாடி, 1970இல் தோன்றிய எஸ்.எஸ்.ஐ. ஆகிய இரண்டு ஸ்தாபனங்களின் சான்றிதழ்களே எங்கும் அதிகமாகக் காணப்படுபவை. இரண்டும் ஒரே சர்வதேசத் தரவிதிக்கு உட்பட்டவையாதலால், எது உயர்ந்தது என்ற தர்க்கத்தில் பொழுதைப் போக்குவது வீண். ஸ்தாபனத்தைவிட ஆசிரியரும், ஆசிரியரைவிட அவர் உங்களுக்கு ஒதுக்கும் நேரமுமே முக்கியம்.

குளத்துப் பயிற்சியை நம் ஊரில் முடித்து, "மீதியைக் கடலில் நடத்துக" என்று ஆசிரியர் எழுதித் தரும் கடிதத்துக்கு ரெஃபரல் என்று பெயர். பாடி முறையில் அதற்கு ஓராண்டு ஆயுள். அதைக் கொண்டுபோனால் வெளிநாட்டில் தங்கும் நாட்கள் குறையும். பயிற்சிக் கட்டணமும் ஓரளவு குறையும். ஆனால் போகுமிடத்துப் பள்ளி அக்கடிதத்தை ஏற்குமா, ஏற்றாலும் ஆழங்குறைந்த நீரில் உங்களை ஒருமுறை பரீட்சித்துப் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் கேட்குமா என்பதை, விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே எழுத்து மூலம் கேட்டுக்கொள்ள வேண்டும். குளமும் ஆசிரியரும் அருகில் இல்லாதவர்கள் முழுப் பயிற்சியையும் அங்கேயே பெறுவது நஷ்டமல்ல. அதற்கு மூன்று நான்கு நாட்கள் பிடிக்கும்.

இதற்கு அடுத்தபடியாகத் தீர்மானிக்க வேண்டியது ஊரல்ல, மாதம். தென்மேற்கும் வடகிழக்குமாக மாறி மாறி வீசும் பருவக்காற்றுகள் நமக்கு மழையைத் தருவதோடு நில்லாமல், கீழ்த்திசைக் கடல்களை ஒருபுறம் கலக்கி மறுபுறம் தெளிய வைக்கவும் செய்கின்றன. பஞ்சாங்கம் பார்த்த பிறகே தேசப்படத்தைப் பிரிப்பது உத்தமம்.

திருகோணமலை

மே முதல் செப்டம்பர் வரை விடுமுறை கிடைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இலங்கையின் கிழக்குக் கரையைத்தான். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியும், அதற்கு எதிரே 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவும் இருக்கின்றன. 1956இல் இலங்கைக்கு வந்து பிறகு அங்கேயே வாழ்ந்து மறைந்த ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கை அந்நாட்டுக்கு இழுத்துவந்தது நீரடியில் உலவும் ஆசையே. கோணேசர் கோயிலின் சிதைவுகளைச் சுவாமி மலையின் அடியில் கடலுக்குள் கண்டவர்களில் அவரும் ஒருவர்.

கொழும்பு வரை விமானத்தில் சென்று அங்கிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ போகலாம். 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் ஓடும் நாட்களில் கடல் மார்க்கமாகவும் போகலாம். பள்ளிகளின் எண்ணிக்கை குறைவாதலால் கட்டணப் போட்டி இல்லை. கட்டணம் தாய்லாந்தைவிடச் சற்று ஏறத்தான் செய்யும். ஆனால் படகில் ஏறுமுன் சொல்லப்படும் எச்சரிக்கைகளைத் தமிழிலேயே கேட்டு, சந்தேகத்தைத் தமிழிலேயே தீர்த்துக்கொள்ள வாய்க்குமானால், அதைப் பணத்தால் அளவிட முடியாது. நீருக்குள் எல்லோரும் ஊமைகள், கைச்சைகையே பாஷை. அந்தச் சைகைகளின் அர்த்தம் ஐயமற விளங்குவது கரையில் பேசும் மொழியைப் பொறுத்தது.

பெர்ஹெந்தியான்

மலேசியாவின் திரெங்கானு மாநிலத்துக் கரையோரம் பெரியதும் சிறியதுமாக இரு முக்கியத் தீவுகள். பெயருக்கு மலாய் மொழியில் 'நிற்குமிடம்' என்று பொருள். பழைய வணிகக் கலங்கள் தங்கிச் சென்ற இடம். மார்ச் கடைசி முதல் அக்டோபர் வரை கடல் சாந்தமாக இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான விடுதிகள் கதவடைத்துவிடும். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம், அங்கிருந்து கோலா பெசுட் துறைக்கு ஓர் இரவு பஸ், பிறகு அரைமணியோ முக்கால் மணியோ விசைப்படகு. பயிற்சிக் கட்டணம் சுமார் 1,200 முதல் 1,500 ரிங்கிட். ரொக்கத்தைக் கரையிலேயே எடுத்துக்கொண்டு போவது நல்லது. ஆரவாரமற்ற சிறு வகுப்பையும், தெளிந்த ஆழங்குறைந்த நீரையும் விரும்புகிறவர்களுக்கு இது பொருந்தும்.

கோ தாவ்

தாய்லாந்து வளைகுடாவில் சுமார் 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த 'ஆமைத் தீவு', ஒரு காலத்தில் அரசியல் கைதிகளைக் கொண்டுபோய் வைத்த இடமாக இருந்தது. இன்றோ உலகெங்கிலுமிருந்து வந்து குவியும் இளைஞர்கள் முதல் முழுக்குப் போடும் இடமாகியிருக்கிறது. பல பத்துப் பள்ளிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு நிற்பதால், ஏறத்தாழ 10,000 பாட்டுக்குப் பயிற்சியோடு படுக்கையும் சேர்த்துத் தருவோர் உண்டு. பாங்காக்கிலிருந்து சும்போன் வரை இரவு ரயிலோ பஸ்ஸோ, அப்பால் படகு. நவம்பரை ஒட்டிய மழைமாதங்களைத் தவிர ஏனைய காலம் ஏற்றதே.

குறை அதன் பிரசித்தியில்தான் இருக்கிறது. ஓர் ஆசிரியர் எட்டு மாணவர்கள்வரை கடலில் இட்டுச் செல்ல விதி இடங்கொடுக்கிறது. எட்டில் ஒருவராக நீங்கள் தடுமாறினால் மற்ற எழுவரும் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த லஜ்ஜையாலேயே, "எனக்கு முடியவில்லை" என்று சொல்லத் தயங்கி, வித்தைக்கே முழுக்குப் போட்டுவிட்டுத் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். வகுப்பில் நால்வருக்கு மேல் சேர்ப்பீர்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

துலாம்பென்

பாலித்தீவின் வடகிழக்குக் கரையிலுள்ள சிற்றூர் இது. ஜப்பானிய நீர்மூழ்கியால் 1942 ஜனவரியில் தாக்கப்பட்ட லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் இங்கே கரைதட்டிக் கிடந்தது. 1963இல் ஆகுங் எரிமலை சீறியபோது நிலம் அசைந்து அதைக் கடலுக்குள் தள்ளிற்று. கரையிலிருந்து நடந்தே நீரில் இறங்கி, படகுக் கூலியில்லாமல் ஒரு பெருங்கப்பலின் மேல் மிதக்க வாய்ப்பது இதன் தனிச்சிறப்பு. கருங்கூழாங்கற்கள் காலுக்கடியில் உருளும் அக்கரையில், நம் பெண்கள் குடம் சுமப்பதுபோலத் தலையில் சும்மாடு கூட்டி, கனத்த காற்று உருளைகளை ஏற்றிக்கொண்டு, கையால் பிடிக்காமலே நடந்துபோகும் பெண்களைக் காணலாம். ஒன்றை முதுகில் மாட்டிக்கொண்டு நாலடி வைப்பதற்குள் தள்ளாடும் புது மாணவனுக்கு அதுவே முதற்பாடம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை உகந்த காலம். விமான நிலையத்திலிருந்து சுமார் மூன்று மணிநேரக் கார் பிரயாணம் உண்டாகையால், இருவர் மூவராகச் சேர்ந்து போனால் சிக்கனம்.

எகிப்தின் சினாய்க் கரையிலுள்ள தஹாப்பைப் பற்றியும் பலர் கேட்பார்கள். கரையிலிருந்தே இறங்கலாம், கட்டணம் சொற்பம், நீர் கண்ணாடி. ஆயினும் நம் ஊரிலிருந்து போகிறவருக்கு அது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை. வேறு காரியமாக எகிப்துக்கோ வளைகுடா நாடுகளுக்கோ போகிறவர்கள் யோசிக்கலாம்.

எதில் சிக்கனம்?

அறையில் சிக்கனம் செய்யலாம், ஆகாரத்தில் செய்யலாம், சாமான்களை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க் ஒன்றை மட்டும் சொந்தமாக வாங்கலாம், காமிராவை வீட்டிலேயே விட்டுவிடலாம். மூன்றில் மட்டும் சிக்கனம் கூடாது: ஆரோக்கியச் சோதனை, காப்புறுதி, நாள். பள்ளியின் ஆரோக்கிய வினாத்தாளில் ஆஸ்துமா, இருதய நோய் போன்ற ஒன்றுக்கு 'ஆம்' என்று எழுத நேர்ந்தால் டாக்டரின் கையொப்பம் வேண்டும். அதை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரணப் பிரயாணக் காப்புறுதிகள் பல ஸ்கூபாவை விலக்கியே எழுதப்பட்டவை; அழுத்த அறைச் சிகிச்சைக்குப் பணம் தருமா என்று ஷரத்தைப் படித்துப் பாருங்கள்.

நாளின் விஷயத்துக்கு என் அனுபவமே சாட்சி. நான்கு நாள் விடுப்பில் கோ தாவுக்குப் போனேன். இரவு பஸ்ஸின் குளிர்காற்றில் ஜலதோஷம் பிடித்தது. கயிற்றைப் பற்றிக்கொண்டு இறங்கும்போது, பத்து மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரு மடங்காகிவிடும். அந்த முதற்பகுதியிலேயே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, அடிக்கு அடி காதைத் திறந்துகொள்ள வேண்டும். முதல் இரண்டு முழுக்குகளை எப்படியோ ஒப்பேற்றினேன். மூன்றாவதில், ஐந்து மீட்டரில், இடது காதுக்குள் ஊசி இறங்கிற்று. ஆசிரியர் கட்டைவிரலை மேலே காட்டினார், ஏறினோம். ஒரு நாள் ஓய்ந்திருந்தால் சரியாகியிருக்கும்; அந்த ஒரு நாள் என்னிடம் இல்லை. பல முழுக்குகள் போட்டபின் குறைந்தது 18 மணிநேரம் கழியாமல் விமானம் ஏறலாகாது என்ற விதி, மீதியிருந்த பொழுதையும் விழுங்கிவிட்டது.

ஆகவே கணக்கை இப்படிப் போடுங்கள்: வந்து இளைப்பாற ஒரு நாள், ஆழங்குறைந்த நீரில் ஒத்திகைக்கு ஒரு நாள், முழுக்குகளுக்கு இரண்டு நாள், காதுக்கும் காற்றுக்கும் ஒரு வெற்று நாள், விமானத்துக்கு முன் ஒரு நாள். மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலை. அதே காலத்தில் விமானச் சீட்டு மலிவாகக் கிடைத்தால் பெர்ஹெந்தியான். கூட்டத்துக்கு அஞ்சாதவர்களுக்குக் கோ தாவ். துணையுடன் போகிறவர்களுக்குத் துலாம்பென். பிப்ரவரி, மார்ச்சில் மட்டுமே ஓய்வு கிடைப்பவர்கள், கோ தாவையோ அக்காலத்தில் தெளிந்திருக்கும் இலங்கையின் தென்மேற்குக் கரையிலுள்ள உனவட்டுனையையோ நாடலாம். விசா விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் புறப்படுமுன் ஒருமுறை விசாரித்துக்கொள்வது அவசியம்.

என் மீதி இரண்டு முழுக்குகளை மறு ஆண்டு நிலாவெளியில் போட்டேன். கயிற்றில் பாதிவழியில் நின்று, ஆசிரியர் அவசரப்படுத்தாமல் எதிரே மிதந்திருக்க, காது மெல்லத் திறந்துகொண்ட ஓசையை இன்றும் கேட்கிறேன். காதுக்கென்று வைத்திருந்த வெற்று நாள் தேவைப்படவே இல்லை. அதைக் கரையோரத்து மரநிழலில் படுத்துக் கழித்தேன். திரும்பியது கப்பலிலாதலால் 18 மணிநேரக் கணக்கும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு பிரயாணங்களிலும் நான் செய்த செலவுகளில், ஒன்றுக்கும் உதவாமற் போன அந்த நாளுக்குக் கொடுத்த அறை வாடகைதான் மிக மலிவானது என்று எனக்குத் தோன்றுகிறது.