சீனியா, கருப்பட்டியா, பட்டினியா?

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததுமே அடுப்படியில் ஆலோசனைக் கூட்டம் கூடிவிடுகிறது. சீனியை நிறுத்திவிட்டுக் கருப்பட்டி கொடு என்பார் ஒருவர். கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடியில் இதைச் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? இனிப்பே கூடாது, நோயைப் பட்டினி போடு என்பார் வாட்ஸ்அப் படித்த மருமகன். சோடா உப்புத் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் அமிலம் குறையும் என்பார் இன்னொருவர். மூன்றில் எதைக் கேட்பது? இரண்டு புரதங்களின் வேலை தெரிந்தால் முடிவெடுப்பது எளிது.

விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களில் பெர்லினில் கவனித்த விஷயம் இது. புற்றுச் செல்கள் ஆக்சிஜன் இருந்தாலும் குளுக்கோஸை முழுதாக எரிப்பதில்லை. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் பதநீர் புளித்துப்போகிற மாதிரி, பாதியிலேயே லாக்டிக் அமிலமாக்கி விடுகின்றன. அந்த அமிலம் உள்ளேயே தங்கினால் செல் சாகும். அதை வெளியே தள்ளுவதற்குச் செல்லின் சவ்வில் இருக்கும் வாசல்தான் எம்.சி.டி-4 என்ற புரதம். ஆக்சிஜன் எட்டாத இடங்களில் இது பெருகுகிறது.

வெளியே தள்ளியது வீணாவதில்லை. ரத்தக்குழாய் ஓரத்துச் செல்கள் எம்.சி.டி-1 என்ற இன்னொரு வாசல் வழியாக, அந்த அமிலத்தின் உப்பு வடிவமான லாக்டேட்டை உள்ளே இழுத்து எரித்துக்கொள்கின்றன. குளுக்கோஸ் உள்ளடுக்குச் செல்களுக்கு மிச்சமாகிறது. பெல்ஜியத்தின் பியர் சோன்வோ குழுவினர் 2008இல் எலிகளில் எம்.சி.டி-1ஐ அடைத்துப் பார்த்தார்கள். ஓரத்துச் செல்கள் குளுக்கோஸுக்கு மாறின, உள்ளடுக்கு பட்டினியில் செத்தது. மனித நுரையீரல் கட்டிகளும் ரத்தத்தில் வரும் லாக்டேட்டை எரிக்கின்றன என்பது 2017இல் அமெரிக்காவின் டல்லாஸில் தெரியவந்தது.

இனி அந்த மருமகனின் யோசனைக்கு வருவோம். வாயைக் கட்டினால் கல்லீரல் குளுக்கோஸ் தயாரிக்கும். அதற்குத் தசையைக் கரைத்து எடுக்கும். லாக்டேட்டோ சும்மா இருக்கும்போதே நாளுக்கு நூறு கிராமுக்கு மேல் உடம்பில் உண்டாகிறது. சிவப்பணுக்களுக்கு வேறு பிழைப்பே இல்லை. கட்டிக்கு இரண்டு வழியிலும் சாப்பாடு போய்ச் சேரும். மெலிவது நோயாளிதான். கீமோதெரபி நடக்கிற காலத்தில் எடை குறைவது, சிகிச்சையைத் தாங்கும் தெம்பையே குறைத்துவிடும். மூன்று யோசனைகளில் மோசமானது இந்தப் பட்டினிதான்.

சீனிக்கும் கருப்பட்டிக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் பெரும்பகுதி சுக்ரோஸ். குடலில் அது குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைந்தபின், கரும்பிலிருந்து வந்ததா பனையிலிருந்து வந்ததா என்று ரத்தம் விசாரிப்பதில்லை. கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்புகள் உண்டு. ஒரு காப்பிக்குப் போடுகிற அளவில் அது கணக்கில் வராது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் கிடைத்த புவிசார் குறியீடு ஊருக்கும் பக்குவத்துக்கும் தந்த மரியாதை, மருந்துச் சீட்டு இல்லை. சீனி கலந்த போலிக் கருப்பட்டியும் கடைகளில் கிடைக்கிறது. அதனால் புற்றுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நஷ்டம் உங்கள் காசுக்குத்தான்.

என் தீர்ப்பு இது: நீரிழிவு இல்லாமல், சோறு இறங்காமல், எடை குறைந்துகொண்டே போகிறவருக்குக் கருப்பட்டிக் காப்பிதான் இறங்குகிறது என்றால் தாராளமாகக் கொடுங்கள். நீரிழிவு இருந்தாலோ, கீமோவோடு ரத்தச் சர்க்கரையை ஏற்றும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கொடுத்தாலோ, இரண்டையும் ஒரே கணக்கில் குறையுங்கள். கருப்பட்டிக்குத் தனிச்சலுகை கிடையாது. பெட் ஸ்கேன் அன்று காலையில் இரண்டுமே கூடாது. குளுக்கோஸ் போன்ற கதிரியக்கப் பொருளை ஊசி வழியாக ஏற்றி எடுக்கிற படம் அது. காப்பி குடித்துவிட்டுப் போனால் படம் கெடும்.

சோடா உப்பு விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. லாக்டேட்டோடு அமிலமும் வெளியேறுவதால் கட்டியைச் சுற்றிப் புளிப்புதான். ஆனால் ரத்தத்தின் கார அமில நிலையை 7.35க்கும் 7.45க்கும் நடுவில் நுரையீரலும் சிறுநீரகமும் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு தம்ளர் தண்ணீரால் அதை அசைக்க முடியாது. சோடியம் ஏறுவதுதான் மிச்சம். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு அது ஆபத்து. தயிரில் லாக்டிக் அமிலம் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் மட்டும் வீட்டில் உறைய வைத்த தயிர் ஆகுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

லாக்டேட் போய்வரும் வாசலையே பூட்டினால்? எம்.சி.டி-1ஐ அடைக்கும் ஏ.இசட்.டி.3965 என்ற மருந்தைப் பிரிட்டனில் நோயாளிகளிடம் சோதித்து, முதல்கட்ட முடிவை 2023இல் வெளியிட்டார்கள். இதயத்திலும் விழித்திரையிலும் அதே வாசல் இருப்பதால் அங்கேயும் பாதிப்பு தெரிந்தது. எம்.சி.டி-4 அதிகம் உள்ள கட்டிகள் அந்த வழியாகத் தப்பித்துக்கொள்ளும் என்ற சிக்கலும் இருக்கிறது. சிரோசிங்கோபின் என்ற பழைய ரத்த அழுத்த மருந்து இரண்டு வாசலையும் அடைக்கிறது. நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினோடு சேர்த்தபோது ஆய்வகத்தில் புற்றுச் செல்கள் செத்தன. எதுவும் இன்னும் புற்றுக்கான மருந்துச் சீட்டில் ஏறவில்லை. இதைப் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை எடுத்து விழுங்காதீர்கள். அதற்குப் பதிலாக, வாரம் ஒருமுறை நோயாளியின் எடை பார்த்து ஒரு நோட்டில் குறித்து, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.