பண்டம் ஒன்று, விலை இரண்டு

நம் சங்க விற்பனை நிலையத்திற்கு வரும் வெளிநாட்டுப் பயணிகள், ஒரு படுக்கை விரிப்பைக் கையிலெடுத்து, அதன் விலையைத் தம் நாட்டு நாணயத்தில் கணக்கிட்டுப் பார்த்து, இவ்வளவு மலிவா என்று வியப்பதை அங்கத்தினர்களில் பலர் கண்டிருப்பர். அதே விரிப்பு அவர்கள் ஊர்க் கடையில் ஐந்து மடங்கு, ஆறு மடங்கு விலைக்கு விற்பதைக் கேட்டு நாமும் வியந்திருப்போம். இவ்விரு வியப்புகளுக்கும் காரணம் ஒன்றேயாகும். அதனைச் சிறிது பொறுமையோடு ஆராய்வது நெய்பவர்க்கும் விளைவிப்பவர்க்கும் பயன் தரும்.

நெடுந்தொலைவிலுள்ள இரு நாடுகளை ஒப்பிட்டால், கப்பல் கூலியே எல்லாவற்றிற்கும் காரணம் என்று எளிதில் முடிவு கட்டிவிடுவோம். ஆதலின் தொலைவே இல்லாத ஓர் எல்லையை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் நகரமும், ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த கிராய்ட்ஸ்லிங்கன் நகரமும் ஓர் ஏரிக்கரையில் ஒட்டிக்கொண்டிருப்பவை. இடையிலிருந்த கம்பிவேலி 2006-ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. ஏரிக்கரையில் இன்று எல்லையைக் காட்டி நிற்பவை சில சிற்பங்களே. எனினும், எல்லைக்கு இப்பால் விற்கும் பற்பசையும் சோப்பும் குழந்தைத் துணியும் அப்பால் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. சனிக்கிழமை தோறும் ஸ்விஸ் குடும்பங்கள் பைகளுடன் எல்லையைக் கடந்து, வாரத்திற்கு வேண்டியவற்றை வாங்கித் திரும்புவது நீண்டகால வழக்கமாகிவிட்டது. வரியின்றிக் கொண்டுவரக்கூடிய பொருள்களின் மதிப்பை, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 300 பிராங்கிலிருந்து 150 பிராங்காக 2025 ஜனவரி முதல் ஸ்விஸ் அரசாங்கம் குறைத்ததும் இதன் பொருட்டேயாகும்.

வரியால் நேர்ந்த வேறுபாடோ இது? அன்று. ஜெர்மனியில் பொது விற்பனை வரி நூற்றுக்கு 19, உணவுக்கு 7. ஸ்விட்சர்லாந்திலோ 2024 முதல் முறையே 8.1, 2.6 மட்டுமே. அஃதாவது, வரி குறைந்த பக்கத்தில்தான் விலை கூடுதல்! நாணயமாற்று விகிதமோ எனின், அதற்கு ஒரு பங்கு உண்டு. ஒரு யூரோவின் மதிப்பு 1.20 பிராங்கிற்குக் கீழே இறங்காதபடி ஸ்விஸ் மத்திய வங்கி 2011 முதல் காத்துவந்தது. 2015 ஜனவரி 15 அன்று திடீரென அக்காவலை நீக்கியதும், யூரோ சில நிமிடங்களில் ஒரு பிராங்கிற்கும் கீழே வீழ்ந்தது. எல்லைக்கு அப்பாலிருந்த பண்டங்கள் யாவும் அன்று காலையிலேயே மலிந்துவிட்டன; கான்ஸ்டன்ஸ் கடைகளில் கூட்டம் பெருகிற்று. ஆனால் விலை வேறுபாடு அந்நாளில் பிறந்ததன்று. அதற்கு முன்னரும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஸ்வீடன் நாட்டுப் பொருளாதார அறிஞர் குஸ்டாவ் காசெல் 1918-இல் வாங்கும் ஆற்றல் சமன்பாடு என்னும் கருத்துக்குப் பெயரிட்டார். ஓரிடத்தில் மலிவாகவும் மற்றோரிடத்தில் விலை உயர்ந்தும் ஒரு பண்டம் இருக்குமாயின், வணிகர் மலிந்த இடத்தில் வாங்கி உயர்ந்த இடத்தில் விற்பர். நாளடைவில் இரண்டும் நெருங்கிவிடும் என்பது அதன் சாரம். பை தூக்கிச் செல்லும் ஸ்விஸ் குடும்பத்தார் செய்வதும் இதுவே. ஆயினும் விலைகள் சமமாகவில்லை. ஏன்?

எல்லை கடந்து செல்ல முடியாத ஒன்றைக் கவனித்தால் விடை புலப்படும். ஜூரிச் நகரில் ஒருவர் முடிதிருத்திக்கொள்ளக் கொடுக்கும் தொகை, நம் ஈரோட்டில் கொடுப்பதைப்போல் பல மடங்கு. கத்திரிக்கோல் ஒன்றே, சீப்பு ஒன்றே, ஆகும் நேரமும் ஏறத்தாழ ஒன்றே. ஜூரிச் தொழிலாளி நம் தொழிலாளியைவிடத் திறமையில் மிஞ்சியவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவர் வாழும் நாட்டில் மருந்து, கடிகாரம், நுண் இயந்திரம் முதலியவற்றைச் செய்யும் ஆலைகள் உள்ளன. அங்கே ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் ஆக்கும் பொருளின் மதிப்பு மிகப் பெரிது. அது உலகச் சந்தையில் விற்கிறது. ஆதலின் கூலியும் பெரிது. முடிதிருத்துவோர்க்கு அதற்கு ஓரளவேனும் நிகரான வருமானம் கிடைக்கவில்லையெனில், நாளடைவில் கத்திரிக்கோலை வைத்துவிட்டு ஆலைக்குப் போய்விடுவார். ஊரார்க்கோ முடி வளர்ந்துகொண்டேயிருக்கும். ஆகவே அவர் கேட்கும் கூலியைக் கொடுக்கத்தான் வேண்டும். மலிவாக இருக்கிறதென்று ஒவ்வொரு மாதமும் ஈரோட்டிற்குத் தலையை அனுப்பிவைக்க யாராலும் இயலாது. 1964-இல் பேலா பலாசா, பால் சாமுவெல்சன் என்னும் இருவர் தனித்தனியே விளக்கிய உண்மை இது.

இப்போது பற்பசைக்குத் திரும்புவோம். அதன் விலையில் ஆலையில் நிகழ்ந்த செலவு ஒரு பகுதியே. கடைக்கு வாடகை, விற்பனையாளர் சம்பளம், கிடங்குக் காவல், வண்டிக் கூலி எல்லாம் அதில் அடக்கம். இவை யாவும் முடிதிருத்தலைப் போன்றவை, எல்லை கடவாதவை. எந்தப் பண்டமும் கடைப்பலகைக்கு ஏறும்போது, அந்நாட்டுக் கூலியையும் வாடகையையும் தன்மேல் ஏற்றிக்கொண்டுதான் ஏறுகிறது.

இதனோடு இன்னொரு காரணமும் உண்டு. அது அவ்வளவு குற்றமற்றதன்று. ஸ்விஸ் மக்களிடம் பணம் இருக்கிறது, கொடுப்பார்கள் என்று கருதியே புகழ்பெற்ற வணிகக்குறி உற்பத்தியாளர் சிலர் அந்நாட்டுக்கு மட்டும் கூடுதல் விலை விதித்துவந்தனர். அந்நாட்டார் இதற்கு ‘ஸ்விஸ் மிகை’ என்று பெயரே வைத்துவிட்டனர். வெளிநாட்டில் நிலவும் விலைக்கே அங்கிருந்து பொருள் தருவிக்க அந்நாட்டு வணிகர்க்கு வழி திறக்கும் சட்டத் திருத்தம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

இவ்விடத்தில் கூட்டுறவாளர் அறிய வேண்டிய ஒருவர் உண்டு. காட்லீப் டுட்வைலர் என்பவர் பிரேசிலில் காப்பி பயிரிட்டுப் பார்த்தவர். விளைவிப்பவருக்குக் கிடைப்பதற்கும் ஜூரிச் இல்லத்தரசி கொடுப்பதற்கும் இடையிலுள்ள பள்ளத்தை இரு கரைகளிலும் நின்று கண்டார். 1925-இல் ஐந்து ஃபோர்டு லாரிகளில் காப்பி, அரிசி, சர்க்கரை, மாவுப்பண்டம், தேங்காய்க் கொழுப்பு, சோப்பு ஆகிய ஆறே பண்டங்களை ஏற்றித் தெருத்தெருவாக விற்கத் தொடங்கினார். கடை வாடகை இல்லை. ஆதலின் விலை குறைந்தது. கடைக்காரர் எதிர்த்தனர், உற்பத்தியாளர் சரக்குத் தர மறுத்தனர், அவர் தாமே உற்பத்தியில் இறங்கினார். பின்னர், 1941-இல், மிக்ரோஸ் என்னும் தம் நிறுவனத்தைக் கூட்டுறவாக மாற்றி வாடிக்கையாளர்க்கே பங்குகளை அளித்தார். இன்று ஸ்விஸ் மளிகை வாணிபத்தில் முதல் இரண்டு இடங்களில் நிற்கும் மிக்ரோஸ், கோப் இரண்டுமே கூட்டுறவு அமைப்புகள்தாம். இருந்தும் அந்நாட்டு விலை அண்டை நாட்டு விலையாகிவிடவில்லை. கூட்டுறவு இடைத்தரகரை நீக்க வல்லது. ஒரு நாட்டின் கூலியையும் வாடகையையும் நீக்க அதனால் ஆகாது. நாம் இதை மறைப்பதற்கில்லை.

உழவர் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். ஸ்விட்சர்லாந்தில் இறைச்சி விலை ஐரோப்பிய ஒன்றியத்தின் சராசரியைப்போல் இரு மடங்குக்கும் மேல். இது உயர்ந்த சுங்கவரியால் தம் மலைநாட்டு உழவரைக் காக்க அந்நாட்டு மக்கள் தெரிந்தே கொடுக்கும் விலை. தொழிற்சாலைப் பண்டங்கள் மீதான சுங்கவரியை 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து முற்றிலும் நீக்கிய அதே அரசாங்கம், வேளாண் வரியில் கை வைக்கவில்லை.

நிற்க. இனி நம் தறிக்கு வருவோம். தறியும் கத்திரிக்கோலைப் போன்றதே. கை நாடாவை எவ்வளவு விரைவாக ஓட்டினாலும், பாட்டனார் நெய்ததைவிடப் பன்மடங்கு பேரன் நெய்துவிட முடியாது. ஆனால் முடிதிருத்துவோர்க்கு உள்ள காப்பு நெசவாளிக்கு இல்லை. அவர் நெய்த துணியை மடித்துப் பெட்டியில் வைத்துக் கடல் கடத்தலாம்; அவ்வாறே விசைத்தறித் துணியும் எங்கிருந்தும் வந்து அவர் துணிக்குப் பக்கத்தில் அமரலாம். கையால் செய்யும் தொழிலின் மெதுவான வேகம், ஆலைப் பண்டத்தின் போட்டி இரண்டும் ஒருவர் தலையிலேயே விழுகின்றன. சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்காகவே எழுந்தது. இன்று அப்பட்டியலில் 11 வகைகள் உள்ளன.

கான்ஸ்டன்ஸிலிருந்து சிறிது தெற்கே சான்க்ட் காலன் வட்டாரம். முதல் உலகப் போருக்கு முன், ஸ்விட்சர்லாந்தின் தலையாய ஏற்றுமதி அவ்வட்டாரத்துப் பூத்தையல் துணியே. உழவர் வீடுகளிலும் பூத்தையல் இயந்திரம் ஓடிற்று. போரும் மாறிய உடைப்பாணியும் அதனை வீழ்த்தின. இன்று எஞ்சியிருப்பது, மிக உயர்ந்த ஆடைகளுக்கு வேண்டிய சிறிதளவே. ஸ்விஸ் கூலியைத் தாங்கக்கூடிய விலை, அத்தகைய துணிக்கு மட்டுமே கிடைக்கிறது.

நம் நாட்டிலே நிலை வேறு. பன்னாட்டு விலை ஒப்பீட்டுத் திட்டத்தின் 2017-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பது நம் நாட்டில் சராசரியாக 20.65 ரூபாய்க்குக் கிடைத்தது. சந்தையிலோ அந்த ஆண்டில் ஒரு டாலருக்கு 65.12 ரூபாய். எனவே வெளிநாட்டார்க்கு நம் நாடு மும்மடங்கு மலிவாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் இம்மலிவு எல்லாப் பண்டத்திலும் ஒரே அளவாகப் பரவியிருப்பதன்று. பஞ்சும் நூலும் சாயமும் எல்லை கடக்கும் சரக்குகள். உலக விலையை ஒட்டியே ஏறி இறங்குபவை. மலிந்திருப்பவை கூலியும் வாடகையுமே. பயணி வியந்த அந்த விரிப்பில், மலிவு நூலில் இல்லை. நெய்தவர் கூலியில் இருக்கிறது.

ஏற்றுமதி வணிகர் ஒருவர் நூற்றுக்கு ஐந்து விலை குறைக்கக் கேட்பதாக வைத்துக்கொண்டு, எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விரிப்பின் விலை 600 ரூபாய். நூலுக்கும் சாயத்திற்கும் 350, நெசவுக் கூலி 200, சங்கச் செலவு 50. கேட்கும் குறைப்பு 30 ரூபாய். நூல் ஆலை விட்டுக்கொடுக்காது. சங்கச் செலவில் குறைக்க அதிகம் இல்லை. ஆக, அம்முப்பதும் கூலியிலிருந்தே வரவேண்டும். அப்போது அது நூற்றுக்கு ஐந்தன்று, நூற்றுக்குப் பதினைந்து. ஒரு பிராங்க் இன்று 100 ரூபாய்க்கு மேல் பெறும். ஜூரிச் கடையில் அதே விரிப்பு 40 பிராங்கிற்கு விற்குமானால், நெசவாளி இழக்கும் 30 ரூபாய் அங்கே ஒரு பிராங்கில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது.