கழிவுநீர்க் குழாயை எவ்வளவு தூரம் நீட்டினால் கடல் தப்பும்?

கடலோர நகரத்துக்குப் புதிதாகக் கழிவுநீர் சுத்திகரிப்புத் திட்டம் வருகிறது என்ற பேச்சு எழுந்ததும் இரண்டு நம்பிக்கைகள் எதிரெதிரே வந்து நிற்கும். குழாயைக் கரையிலிருந்து தொலைவாகக் கொண்டுபோய் விட்டால் போதும், அவ்வளவு பெரிய கடல் மற்றதைப் பார்த்துக்கொள்ளும் என்பது ஒன்று. என்னதான் சுத்திகரித்தாலும் நம் அழுக்கை அடுத்த ஊர்க்காரர் வாசலில் கொட்டுவதுதான் நடக்கப்போகிறது என்பது இன்னொன்று. இரண்டும் முழுப் பொய் அல்ல. ஆனால் இரண்டுமே குழாயின் கடைசி முனையை மட்டும் பார்க்கின்றன. கடலுக்கு எவ்வளவு கேடு வரும் என்பதில் பெரும்பகுதி அந்த முனைக்கு வெகுமுன்பே முடிவாகிவிடுகிறது. இதைச் சோதித்துப் பார்க்க அமெரிக்காவின் பாஸ்டனைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. அங்கே குழாய் திறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1992 முதல், கடலை அளந்து வைத்தார்கள். திறந்த பிறகும் அளப்பதை நிறுத்தவில்லை.

1980களில் பாஸ்டன் துறைமுகம் நாடறிந்த அசிங்கம். டீர் தீவு, நட் தீவு என்ற இரண்டு இடங்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தன. ஆனால் அவை செய்தது முதல்நிலைச் சுத்திகரிப்பு மட்டும்: மிதப்பதை வழித்தெடுப்பது, படிவதைப் பிரிப்பது. அப்படிப் பிரித்தெடுத்த கசட்டையும் கடல் இறங்கும் நேரம் பார்த்து அதே நீரில் திறந்துவிட்டார்கள். கடல் ஏறும்போது ஒரு பங்கு திரும்பி வந்தது. நுண்ணுயிர்களைக் கொண்டு கரைந்த அழுக்கையும் அகற்றும் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு வேண்டும் என்று 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம் சொன்னது. அதைக் கட்டுவதற்குப் பதில், நீண்ட குழாய் போட்டு ஆழ்கடலில் விடுகிறோம், விலக்குக் கொடுங்கள் என்று கேட்டே ஆண்டுகள் போயின. கடல் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அரசு மனுவாகவே மாறிய கதை இது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1983இலும் 1985இலும் அதை மறுத்தது. அதற்குள் பக்கத்து ஊரான குயின்சி 1982இல் வழக்குத் தொடுத்திருந்தது. மாசச்சூசெட்ஸ் நீர்வள ஆணையம் என்ற புது அமைப்பு 1984இன் சட்டத்தால் பிறந்தது. நீதிபதி டேவிட் மசோனியின் கூட்டாட்சி நீதிமன்றம் நாள் குறித்துக் கண்காணிக்க, 380 கோடி டாலர் செலவில் வேலை நடந்தது.

எது எப்போது நடந்தது என்று வரிசையாகப் பார்த்தால்தான் விஷயம் புரியும். கசட்டைக் கடலில் விடுவது 1991 டிசம்பரில் நின்றது. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு 1997இல் தொடங்கிப் படிப்படியாக 2001இல் முழுமையானது. கடலுக்கடியில் 15 கி.மீ. ஓடும் வெளியேற்றுச் சுரங்கம் திறந்ததோ 2000 செப்டம்பரில். கசடு நின்ற அந்த 9 ஆண்டு இடைவெளியிலேயே துறைமுகத்தின் அடித்தரை உயிர்பெறத் தொடங்கிவிட்டது. சேற்றில் குழல்கட்டி வாழும் சிறு இறால் போன்ற உயிர்கள் பாய் விரித்ததுபோல் பரவி, தோண்டித் தோண்டிக் கறுத்த சேற்றுக்குள் காற்றைக் கொண்டுபோயின. சேற்றில் ஒட்டிக் கிடக்கும் தட்டைமீன்களின் ஈரலில் 1980களில் கண்ட கட்டிகள் குழாய் திறப்பதற்கு முன்பே குறைந்துவந்தன. பிறகு காணாமலே போயின. ஈயமும் செம்பும் குறைந்த விதம் இன்னும் கவனிக்கத்தக்கது. அவற்றில் கணிசமான பங்கு ஆலைகளிலிருந்து வரவில்லை. வீட்டுக் குடிநீர்க் குழாய்களை அரித்துக்கொண்டு வந்தது. 1996இல் குடிநீரின் அமில காரத் தன்மையைச் சரிசெய்ததும் வீட்டுக் குழாயின் அரிப்பு குறைந்தது, சாக்கடையிலும் உலோகம் குறைந்தது. குடிநீர்ப் பிரிவு எடுத்த முடிவு கடலைக் காத்தது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எழுதுபவர்கள் குழாய் முனையிலிருந்து தொடங்காமல் வீட்டுக் குழாயிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் நீண்ட குழாய் வீணா? இல்லை. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு நைட்ரஜனைச் சிறிதளவே எடுக்கும். மீதி பாசிக்கு உரமாகும். ஆழமற்ற துறைமுகத்தில் விட்டால் வெயில்படும் நீரில் பாசி பெருகும். அதனால்தான் அதைத் துறைமுகத்துக்கு வெளியே, விரிகுடாவின் ஆழத்தில் விட முடிவெடுத்தார்கள். இங்கேதான் அந்த விரிகுடாவை ஒட்டி வாழும் கேப் காட் பகுதி மக்கள் குறுக்கே வந்தார்கள்: அந்த நைட்ரஜன் இனி எங்கள் விரிகுடாவுக்குத்தானே வரும், அருகே ஸ்டெல்வேகன் திட்டின் கடல் சரணாலயம் இருக்கிறதே, அழிவின் விளிம்பில் இருக்கும் திமிங்கிலங்கள் அங்கே இரை தேடுகின்றனவே என்று. நியாயமான கேள்வி. அது வெறும் அச்சம் என்று ஒதுக்கியிருந்தால் திட்டம் கெட்டிருக்கும். குழாயின் கடைசி 2 கி.மீ. நீளத்தில் 55 செங்குத்துக் குழல்கள் வழியாக, சுமார் 30 மீட்டர் ஆழத்தில் நீர் பிரிந்து வெளியேறுகிறது. கோடையில் மேலே வெதுவெதுப்பான நீரும் கீழே குளிர்ந்த நீரும் இரு அடுக்காக நிற்பதால், கழிவுநீர் கீழடுக்கிலேயே தங்கி விரவுகிறது. வெளிச்சம் எட்டாத ஆழத்தில் பாசிக்கு அந்த உரம் பெரிதாகப் பயன்படாது. எல்லை மீறினால் எச்சரிக்கை, அதற்கு மேல் மீறினால் நடவடிக்கை என்று முன்கூட்டியே எழுதிவைத்த அளவுகளும் உரிமத்தோடு வந்தன. திறந்தபின் குழாய் அருகே அமோனியம் கூடியது உண்மை. அளவீடுகள் அதை மறைக்கவில்லை. துறைமுகத்தில் நைட்ரஜனும் பாசியும் குறைந்தன, கடற்புல் சில இடங்களில் திரும்ப வேர்பிடித்தது. விரிகுடாவின் உயிர்வளியோ பாசியோ அஞ்சியபடி கெடவில்லை. 2005இல் நியூ இங்கிலாந்துக் கரை நெடுக நச்சுப் பாசி பொங்கியபோது பழி முதலில் குழாய்மேல் விழுந்தது. முந்தைய ஆண்டுகளின் அளவீடு கையில் இருந்ததால்தான், வடக்கே கடல்தரையில் குவிந்திருந்த பாசி விதைகளும் மே மாதப் புயல்காற்றும் காரணம் என்று பிரித்தறிய முடிந்தது.

வேகமான நீரோட்டம் உள்ள கடலில் இவ்வளவும் தேவையில்லை என்று சொல்பவர்களில் விஞ்ஞானிகளும் உண்டு. கனடாவின் விக்டோரியா நகரம் 2020 வரை வடிகட்டிய கழிவுநீரை மட்டுமே நீரிணையில் விட்டது. அங்குள்ள ஓட்டம் அதை விரைவாகக் கலைத்துவிடும் என்பதே வாதம். எளிதில் மட்கும் பொருளுக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தும். மட்காத உலோகத்துக்கும் நீடித்து நிற்கும் ரசாயனத்துக்கும் பொருந்தாது. கலைந்தாலும் அவை அழிவதில்லை, சேற்றிலும் உயிர்களின் உடலிலும் சேர்ந்துகொண்டே போகும்.

இன்னொரு நம்பிக்கை: நிலையம் கட்டி முடித்தால் வேலை முடிந்தது. பழைய நகரங்களில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடுகின்றன. கனமழையில் நிலையத்தை எட்டும் முன்பே அது வழிந்து நேரே கடலில் விழும். பாஸ்டனில் 1988இல் இப்படி வழிந்தது ஆண்டுக்குச் சுமார் 1,250 கோடி லிட்டர். குழாய்களைப் பிரித்தும், தெற்கு பாஸ்டன் கடற்கரையோரம் மழைக்காலத்தில் பிடித்துவைக்கும் சேமிப்புச் சுரங்கம் 2011இல் அமைத்தும் அதில் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைத்தார்கள். குளிக்கப் போகிறவர்களுக்கு 15 கி.மீ. சுரங்கத்தைவிட இதுதான் நேரடிப் பயன். கட்டுமானக் காலத்தையும் பெரும்பாலும் தாக்கமாக எண்ணுவதில்லை. இங்கே எண்ணினார்கள். டீர் தீவுக்குப் போகும் ஒரே சாலை வின்த்ரப் என்ற சிற்றூரின் நடுவே போகிறது. லாரிகள் அவ்வூரை மிதிக்காதபடி தொழிலாளர்களைப் படகிலும் பொருளை மிதவையிலும் கொண்டுபோனார்கள். தீவின் குன்றை வெட்டிய மண்ணையே ஊருக்கும் நிலையத்துக்கும் நடுவே மேடாக்கி இரைச்சலைத் தடுத்தார்கள்.

கடலில் விடாத கசடு எங்கே போகிறது என்ற கேள்வியைக் கடைசியாக வைத்தாலும் அதுதான் இன்று மிகக் கடினமானது. டீர் தீவில் முட்டை வடிவக் கொப்பரைகளில் அதைச் செரிக்கவைத்து, வரும் மீத்தேனை எரித்து வெப்பமும் மின்சாரமும் எடுக்கிறார்கள். எஞ்சியதை உலர்த்தி உர உருண்டையாக்குகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எண்ணெய் ஒட்டாத பாத்திரப் பூச்சு, நீர் ஒட்டாத துணி, தீயணைப்பு நுரை ஆகியவற்றில் உள்ள பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்களை எந்த நுண்ணுயிரும் இங்கே சிதைப்பதில்லை. ஒரு பங்கு நீரோடு கடலுக்கும் ஒரு பங்கு கசட்டோடு வயலுக்கும் போகிறது. அதே நியூ இங்கிலாந்துப் பகுதியின் இன்னொரு மாநிலமான மெய்ன், விவசாய நிலங்கள் கெட்டதைக் கண்டு 2022இல் கசட்டை நிலத்தில் இடுவதையே தடைசெய்தது. தடைசெய்த கசட்டைக் குப்பைமேட்டில் புதைக்கிறார்கள்; அந்த மேட்டிலிருந்து ஊறிவரும் நீரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவது மறுபடியும் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில்தான்.