புகைத்தலை விடுதலும் இருதய நலமும்

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓரதிகாரம் வகுத்தார். புகையுண்ணாமைக்கு ஒன்றும் வகுத்திலர். அவர் காலத்திலே நம்மவர் புகையிலையை அறியார். அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அது ஐரோப்பியர் வழியாக வந்து, யாழ்ப்பாண மண்ணில் வேரூன்றி, ஒரு காலத்தில் மலையாள நாட்டுக்கும் ஏற்றுமதியாகி, நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் படிப்புச் செலவும் கொடுத்தது. ஆதலின் அதனைப் பழித்தற்கு நாக்கூசும். எனினும் உடம்பு நன்றிக்கடன் அறியாது.

புகைத்தல் என்றவுடன் நுரையீரற் புற்றுநோயையே பலரும் நினைப்பர். இருதயத்தை நினைப்பார் சிலரே. சுருட்டாயினும் சிகரெற்றாயினும் எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு பிறக்கின்றது. குருதியிலுள்ள ஈமோகுளோபினை அது ஒட்சிசனிலும் 200 மடங்குக்கு மேலான வலிமையுடன் பற்றிக்கொள்ளும். ஆகவே குருதி சுமந்து செல்லும் ஒட்சிசன் குறையும். நிக்கொற்றீனோ நாடித் துடிப்பை விரைவாக்கிக் குருதியமுக்கத்தை உயர்த்தும். வேலையை மிகுவித்துக் கூலியைக் குறைக்கும் கொடிய எசமானைப் போன்றது இது. மேலும், இருதயத்துக்குக் குருதி கொணரும் நாடிகளின் உட்சுவர் புண்படும், கொழுப்புப் படியும், குருதி எளிதில் உறையும். நாடி அடைபடின் மாரடைப்பே.

“ஐம்பதைக் கடந்தோம், இனி விட்டென்ன பயன்?” என்பார் பழைய மாணவருள்ளும் உளர். 1951 இல் றிச்சட் டொல், பிராட்போட் ஹில் என்னும் அறிஞர் இருவர் பிரித்தானிய வைத்தியர்களுக்கு வினாக்கொத்து அனுப்பினர். ஆண் வைத்தியர் 34,000 பேருக்கு மேற்பட்டோரின் வாழ்வும் சாவும் 50 ஆண்டுகள் கணிக்கப்பட்டன. 2004 இல் வெளிவந்த முடிவின்படி, விடாது புகைத்தோர் புகையாதாரிலும் சராசரி 10 ஆண்டு முந்தி இறந்தனர். 60 வயதில் விட்டோர் ஏறத்தாழ 3 ஆண்டையும், 50 இல் விட்டோர் 6 ஆண்டையும், 40 இல் விட்டோர் 9 ஆண்டையும் மீட்டுக்கொண்டனர். தம் முந்திய ஆய்வின் முடிவைக் கண்டு தாமும் புகைத்தலை விட்ட டொல் 92 வயது வரை வாழ்ந்தார்.

“குறைத்துவிட்டேன், நாளுக்கு ஒன்றுதான்” என்பது மற்றொரு சமாதானம். யானும் அதைச் சொன்னவனே. இருதயம் இக்கணக்கை ஏற்பதில்லை. நாளுக்கு 20 புகைப்பவருக்கு மிகும் இருதய நோய் அபாயத்தில் ஏறக்குறையப் பாதி, ஒன்றே புகைக்கும் ஆடவருக்கும் உண்டென 2018 இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்புக் காட்டுகின்றது.

என் தமையனார் 49 வயதில் மாரடைப்பால் மறைந்தார். அவரும் புகைப்பவர். அவரது அந்தியேட்டி நாளன்றும் யான் மதிலோரம் நின்று புகைத்தேன். சில நாள் கழித்து அவருடைய இளைய மகள் என் மடியில் வந்திருந்து, “சித்தப்பா, உங்களிலை அப்பாவின்ரை மணம் வருது” என்றாள். அன்பினாலே சொன்னாள். மறுநாள் விட்டேன்.

முதல் இரு வாரங்கள் கொடியவை: உறக்கமின்மை, சினம், வகுப்பிலே காரணமற்ற அதட்டல். ஆயினும் வேட்கை எழுந்தால் சில நிமிடங்களில் தணியும். அந்நிமிடங்களைக் கடத்தலே வித்தை. தனியே இயலாதார் வைத்தியரை நாடுக. நிக்கொற்றீன் மெல்பசை முதலியன உள. ஓராண்டு கழியப் புகையால் மிகுந்த இருதய அபாயம் பாதியாகக் குறையும். 15 ஆண்டளவிற் புகையாதாரின் நிலையை அணுகும்.

எனக்கு இது நான்காம் ஆண்டு. இராச்சோறு உண்டபின் கை இன்னும் சட்டைப்பையைத் துழாவுவதுண்டு. இப்போது அங்கே ஏலக்காய் இருக்கின்றது.