ஸ்பெயார் வீல் வேண்டுமா, வேண்டாமா? ஒரு வியாபாரக் கணக்கு

சில தினங்களுக்கு முன் எங்கள் ஊர்ச் சந்தியில் உள்ள தேநீர்க் கடையில் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். பிஸ்கட், சவர்க்காரம், தேயிலை என்று கடைகளுக்கு விநியோகம் செய்பவர். ஒரு பட்டா வாகனம் வைத்திருக்கிறார்.

"காக்கா, முன் டயர் ஒண்டு தேஞ்சி போச்சு. ஸ்பெயார் வீல் புதுசா சும்மா தொங்கிட்டுக் கிடக்கு. அத எடுத்து முன்னுக்குப் போட்டா ஒரு டயர்ட காசு மிச்சம்தானே? இப்ப சந்திக்குச் சந்தி டயர் கடை இருக்கு. ஸ்பெயார் என்னத்துக்கு?" என்று கேட்டார்.

நான் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "நீங்க எந்தப் பாதையால போறீங்க, எத்தின மணிக்குப் போறீங்க, என்ன ஏத்திட்டுப் போறீங்க?" என்று திருப்பிக் கேட்டேன். இந்த மூன்று கேள்விகளையும் நான் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. அதற்கு நான் கட்டிய கட்டணம் பெரியது. அந்தத் தம்பிக்குச் சொன்னதையே இந்த வாரம் வாசகர்களான உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் செய்த தவறு

2022ஆம் ஆண்டை நம் வியாபாரிகளில் யாரும் மறந்திருக்க முடியாது. அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. டயர் விலையும் அதனோடு சேர்ந்து ஏறியது. அப்போது என்னிடம் ஒரு லொறியும் ஒரு வேனும் இருந்தன. இரண்டுக்கும் ஒரே அளவு டயர் அல்ல. ஆனால் என் மைத்துனரிடம் எனது லொறியைப் போன்ற இன்னொரு லொறி இருந்தது. அதற்கு அவசரமாக ஒரு டயர் தேவைப்பட்டது. என் லொறியின் ஸ்பெயார் வீலைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னேன். "அடுத்த மாதம் விலை இறங்கியதும் ஒன்று வாங்கிப் போடுவோம்" என்று சாரதியிடமும் சொன்னேன். அடுத்த மாதம் வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது. ஸ்பெயார் வரவில்லை.

அந்த வருடக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை மாலை, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் தக்காளியும் போஞ்சியும் ஏற்றிக்கொண்டு லொறி கல்முனைக்குப் புறப்பட்டது. ஹபரணை, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புனாணை, ஓட்டமாவடி, மட்டக்களப்பு என்று ஏறத்தாழ 200 கிலோமீற்றர் ஓட்டம். மன்னம்பிட்டியைத் தாண்டியதும் சாரதி தொலைபேசியில் அழைத்தார். பின்பக்க இரட்டைச் சக்கரத்தில் உள் டயரில் காற்று இறங்கிவிட்டது என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அங்கேயே நிறுத்து, விடிந்ததும் ஒட்டிக்கொண்டு வா" என்றுதான். நானோ, "மற்ற டயர் இருக்குதானே, மெல்ல மெல்ல ஓட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். இரட்டைச் சக்கரத்தில் ஒன்று காற்றிழந்தால், இரண்டு டயர் சுமந்த பாரம் முழுவதும் மற்றைய டயரில் இறங்குகிறது. பாரம் கூடினால் டயர் வளைந்து நிமிர்வது கூடும். அதனால் சூடு கூடும். சூடு கூடினால் வெடிக்கும். புனாணைக் காட்டுப் பாதையில், யானை நடமாட்டம் உள்ள இடத்தில், நள்ளிரவுக்குப் பின் அதுவும் வெடித்தது.

சாரதியும் உதவியாளரும் கதவைப் பூட்டிக்கொண்டு விடியும்வரை லொறிக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள். விடிந்த பின் ஓட்டமாவடியில் ஒரு வாகனத்தை வாடகைக்குப் பிடித்து, டயர் தேடி, லொறி கல்முனைக்கு வந்து சேரும்போது வெள்ளிக்கிழமை நண்பகல். சந்தை முடிந்துவிட்டது. அடியில் இருந்த தக்காளிப் பெட்டிகள் கசிந்துகொண்டிருந்தன.

ஆணி குத்திய ஒரு டயரை ஒட்ட சில நூறு ரூபா போதும். அதற்குப் பதிலாக இரண்டு டயர்கள் குப்பைக்குப் போயின. காற்றில்லாமல் ஓடிய டயர் உள்ளே அரைபட்டுவிடும். அதை ஒட்டவும் முடியாது. சரக்கில் நட்டம், வாடகை வாகனத்தின் கூலி எல்லாம் தனி. அன்று காலை என் சரக்குக்காகக் காத்திருந்த சில்லறைக் கடைக்காரர்கள் வேறு இடத்தில் வாங்கினார்கள். அவர்களில் இருவர் இன்றுவரை திரும்பி வரவில்லை.

அத்தோடு முடியவில்லை. நட்டத்தில் ஒரு பகுதியைச் சாரதியின் சம்பளத்தில் கழிக்கப் பார்த்தேன். அவர் சத்தம் போடவில்லை. "காக்கா, ஸ்பெயார கழட்டச் சொன்னதும் நீங்க, ஓட்டிட்டு வரச் சொன்னதும் நீங்க" என்று மட்டும் சொன்னார். எனக்குப் பதில் இருக்கவில்லை. சம்பளத்தைக் குறைக்கவில்லை, ஆனால் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு வாரம் எடுத்தது.

மூன்று கேள்விகள்

நம்மில் பலர் இந்த விடயத்தை டயரின் விலையை வைத்துத் தீர்மானிக்கிறோம். தீர்மானிக்க வேண்டியது வாகனம் நின்றால் ஏற்படும் நட்டத்தை வைத்து.

முதலாவது கேள்வி: நான் நிற்கக்கூடிய இடத்திலிருந்து, நான் நிற்கக்கூடிய நேரத்தில், திறந்திருக்கும் டயர் கடை எவ்வளவு தூரத்தில்? பகலில் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் ஓடுபவருக்கு ஊருக்கு ஊர் கடை உண்டு. இரவு இரண்டு மணிக்கு வெலிக்கந்தைக்கும் ஓட்டமாவடிக்கும் இடையில் அப்படி இல்லை.

இரண்டாவது கேள்வி: ஏற்றியிருக்கும் சரக்கு எத்தனை மணித்தியாலம் தாங்கும்? சீமெந்தும் சவர்க்காரமும் மறுநாள் வரை காத்திருக்கும். மீனும் மரக்கறியும் தயிரும் காத்திருக்காது.

மூன்றாவது கேள்வி: இந்த வாகனம் நின்றால் வேறு என்னென்ன நிற்கும்? கடை திறப்பது நிற்குமா, கல்யாண வீட்டுக்குக் கொடுத்த வாக்கு நிற்குமா, ஏற்றிறக்கும் கூலியாட்கள் சும்மா நிற்பார்களா?

மூன்றுக்கும் பதில் இலகுவாக இருந்தால், ஸ்பெயார் இல்லாமலும் சமாளிக்கலாம். ஒன்றுக்கேனும் பதில் கடினமாக இருந்தால், ஸ்பெயார் இல்லாமல் வாகனத்தை வெளியில் விடாதீர்கள்.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு, ரிம்மோடு சேர்த்து ஒரு ஸ்பெயார் வீலுக்கு 50,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் பாவிக்கலாம் என்றால் வருடத்துக்கு 10,000 ரூபா. நாளொன்றுக்கு 28 ரூபாவுக்கும் குறைவு. இனி, வாகனம் ஒரு தடவை நடு வழியில் நின்றால் உங்களுக்கு என்ன நட்டம் என்று எழுதுங்கள். அது 30,000 ரூபா என்றால், ஐந்து வருடத்தில் இரண்டு தடவை நின்றாலே ஸ்பெயாரின் விலையை விட அதிகம். 2,000 ரூபாதான் என்றால், அந்தக் காசை வேறு வேலைக்குப் போடலாம். ஆளுக்கு ஆள் விடை வேறு. அடுத்தவர் வைத்திருக்கிறார் என்பதற்காக வைக்கவும் வேண்டாம், அடுத்தவர் வைக்கவில்லை என்பதற்காகக் கழற்றவும் வேண்டாம்.

ஸ்பெயார் இல்லாமல் வரும் கார்கள்

ஜப்பானிலிருந்து வந்த வெகன் ஆர் போன்ற சிறிய கார்களில் ஸ்பெயார் வீலுக்குப் பதிலாக ஒரு போத்தல் பசையும் ஒரு சிறிய காற்றுப் பம்பும் இருக்கும். பாரம் குறைந்தால் எரிபொருள் மிச்சம், இடமும் மிச்சம் என்பதே காரணம். இது ஏமாற்று அல்ல. ஆனால் அதன் எல்லையை அறிந்திருக்க வேண்டும். தரையில் படும் பகுதியில் ஏற்பட்ட சிறிய துளையை மட்டுமே அந்தப் பசை அடைக்கும். பக்கச் சுவர் கிழிந்தாலோ டயர் வெடித்தாலோ பயனில்லை. போத்தலுக்குக் காலாவதித் திகதியும் உண்டு. பத்து வருடப் பழைய காரில் உள்ள போத்தலை இன்றே எடுத்துத் திகதியைப் பாருங்கள்.

வேறு சில கார்களில் மெல்லிய தற்காலிகச் சக்கரம் இருக்கும். அதில் மணிக்கு 80 கிலோமீற்றர் என்று எழுதியிருக்கும். காற்றும் சாதாரண டயரைப் போல் அல்ல, பெரும்பாலும் 60 பீ.எஸ்.ஐ. அடிக்க வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு அதிவேகப் பாதையில் நூறில் ஓடுவது உயிரோடு விளையாடுவதாகும். அடுத்த வெளியேறும் இடத்தில் இறங்கி, டயர் கடைக்குப் போங்கள்.

இருந்தும் இல்லாத ஸ்பெயார்

ஸ்பெயார் இல்லாதவன் பயந்து பயந்தாவது ஓடுவான். ஸ்பெயார் இருக்கிறது என்று நம்பி ஓடுபவன், அது செத்துக் கிடந்தால் நடுக் காட்டில்தான் அறிந்துகொள்வான். ஆகவே இவற்றைக் கவனியுங்கள்.

1. காற்று. தொங்கும் டயரிலும் மெல்ல மெல்லக் காற்று இறங்கும். மாதம் ஒரு முறை மற்ற டயர்களுக்குப் பார்க்கும்போது இதற்கும் பாருங்கள்.

2. வயது. ஓடாத டயரும் முதுமையடையும். இறப்பர் காய்ந்து வெடிக்கும். டயரின் பக்கச் சுவரில் டீ.ஓ.டீ. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் பத்து வருடம் கடந்த டயரில் பாரம் ஏற்ற வேண்டாம்.

3. அளவு. தாழ்ந்த தட்டுள்ள சில லொறிகளில் முன் டயர் ஓர் அளவு, பின் டயர் வேறு அளவு. உங்கள் ஸ்பெயார் எதற்குப் பொருந்தும் என்று சாரதிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

4. கருவிகள். ஜக், வீல் ஸ்பெனர், ஒரு பலகைத் துண்டு, சக்கரத்துக்கு வைக்க இரண்டு கட்டைகள், டோர்ச், எச்சரிக்கை முக்கோணம். வெறும் லொறியைத் தூக்கும் ஜக் பாரம் ஏற்றிய லொறியைத் தூக்குமா என்று வீட்டு முற்றத்திலேயே பார்த்துவிடுங்கள். மணல் தரையில் பலகை இல்லாவிட்டால் ஜக் புதைந்துவிடும்.

5. கழற்றிப் பார்த்தல். அடியில் தொங்கும் ஸ்பெயாரின் சங்கிலியும் ஆணியும் துருப்பிடித்து இறுகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இறக்கி, எண்ணெய் போட்டு, மீண்டும் ஏற்றிப் பூட்டுங்கள். களவு போகாதிருக்கப் பூட்டுப் போட்டால், சாவி வாகனத்திலேயே இருக்கட்டும். முதலாளியின் மேசை லாச்சியில் இருக்கும் சாவி புனாணையில் உதவாது.

மாற்றும் முறையையும் சாரதிக்கு ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜக்கில் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்த வேண்டும். பூட்டும்போது ஒன்றுக்கு எதிர் ஒன்றாக இறுக்க வேண்டும். சுமார் 50 கிலோமீற்றர் ஓடிய பின் நிறுத்தி மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். இடம் ஆபத்தானது என்றால் டயரை விட ஆள் முக்கியம். அந்த முடிவை எடுக்கும் உரிமையைச் சாரதிக்குக் கொடுங்கள். படுக்கையில் இருந்துகொண்டு தொலைபேசியில் நீங்கள் எடுக்காதீர்கள்.

கடையிலும் ஒரு ஸ்பெயார்

வாகனத்துக்குக் கேட்ட மூன்று கேள்விகளையும் கடைக்கும் கேட்கலாம். ஒரே ஒரு மொத்த வியாபாரியிடம் மட்டும் வாங்குகிறோமா? கணக்கும் கடன் கொப்பியும் ஒரே ஓர் ஆளின் தலையில் மட்டும் இருக்கிறதா? ஒரு மாத வாடகைக்கும் சம்பளத்துக்கும் கையில் காசு இருக்கிறதா? அந்தக் காசைத்தான் நாம் முதலில் கழற்றி வேறு தேவைக்குப் போடுகிறோம், "அடுத்த மாதம் திருப்பி வைப்போம்" என்று சொல்லிக்கொண்டு. நான் ஸ்பெயாரைக் கழற்றியபோது சொன்னதும் இதே வார்த்தைதான்.

தேநீர்க் கடையில் கேட்ட தம்பி பகலில் ஊருக்குள் மட்டும் ஓடுபவர் என்றால் அவருடைய யோசனையில் பெரிய பிழை இல்லை. ஆனால் விசாரித்தபோது, வாரத்தில் ஒரு நாள் விடியுமுன் மகா ஓயாப் பக்கம் போகிறாராம். "அப்ப முன் டயர் ஒண்டு வாங்குங்க தம்பி, ஸ்பெயார தொட வேணாம்" என்றேன்.

இன்று கடை பூட்டிய பின் பத்து நிமிடம் ஒதுக்கி, உங்கள் வாகனத்தின் ஸ்பெயாரைக் குனிந்து பாருங்கள். கையால் தட்டிப் பாருங்கள். பலருக்கு அங்கே ஒரு செய்தி காத்திருக்கும்.